டென்னன்ட்டா, மெக்காவாயா, கம்மிங்கா? ஒரே மெக்பெத், மூன்று ஸ்காட்லாந்துக்காரர்கள்

டேவிட் டென்னன்ட்டை நம்மில் பலருக்கு பிபிசியின் அறிவியல் கற்பனைத் தொடரில் நீலப் பெட்டிக்குள் ஓடி ஏறுகிற 'டாக்டர் ஹூ'வாகத்தான் தெரியும். 2005இலிருந்து 2010 வரை அந்தப் பாத்திரத்தில் அவர் பேசியது லண்டன் பக்கத்துப் பேச்சு. ஆள் பிறந்ததோ பாத்கேட்டில், வளர்ந்தது பெய்ஸ்லி பக்கம், அப்பா ஸ்காட்லாந்து திருச்சபையில் பெரிய பொறுப்பில் இருந்த போதகர். பேட்டிகளில் அவருடைய சொந்தப் பேச்சை முதல் தடவை கேட்டபோது டப்பிங் ஏதோ மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஜேம்ஸ் மெக்காவாயும் அப்படித்தான். கிளாஸ்கோவின் டிரம்சேப்பல் குடியிருப்பில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர், எக்ஸ்-மென் வரிசையில் பேராசிரியர் சார்ல்ஸ் சேவியராக வந்து சுத்தமான ஆங்கிலேய மேட்டுக்குடி உச்சரிப்பில் பேசினார். ஆலன் கம்மிங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 1995இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ரஷ்யக் கணினிக்காரன், அப்புறம் எக்ஸ்-மென் படத்தில் ஜெர்மன் பேச்சு வழக்கில் நீல நிற நைட்கிராலர், தொலைக்காட்சியில் அமெரிக்க அரசியல் ஆலோசகர். மூன்று பேரும் படித்தது கிளாஸ்கோவில் இருக்கும் அதே இசை நாடகக் கல்லூரி. மூன்று பேரும் பெயர் வாங்கியது பெரும்பாலும் அடுத்தவன் பேச்சைப் பேசி. ஆனால் ஷேக்ஸ்பியரின் மெக்பெத் (சூனியக்காரிகளின் ஆரூடத்தைக் கேட்டு, மனைவி தூண்ட, அரசன் டங்கனைக் கொன்று அரியணை ஏறும் ஸ்காட்லாந்துத் தளபதியின் கதை) என்று வந்தபோது மூன்று பேரும் அவரவர் வீட்டுப் பேச்சுக்கே திரும்பினார்கள். அதனாலேயே இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டென்னன்ட்டின் நாடகத்தைத் திரையரங்குகளில் வெளியிட்ட பதிவாக முழுசாகப் பார்த்திருக்கிறேன். மற்ற இரண்டின் முழுப் பதிவும் என் கைக்கு எட்டவில்லை, துண்டுக் காணொளிகளும் பார்த்தவர்கள் எழுதியவையும்தான். ஆகவே தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

டென்னன்ட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். 2023 டிசம்பரில் லண்டன் டான்மார் வேர்ஹவுஸ் அரங்கில் தொடங்கியது, இயக்கம் மேக்ஸ் வெப்ஸ்டர், லேடி மெக்பெத்தாக குஷ் ஜம்போ. அரங்கம் குட்டி, சுமார் 250 இருக்கைதான். அவ்வளவு சின்ன இடத்தில் பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஹெட்போன்! கேள்விப்பட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது, பத்தடி தூரத்தில் நடிகர் நிற்கிறார், அவர் குரலை ஒயர் வழியாகக் கேட்க வேண்டுமா? ஆனால் யோசித்துப் பாருங்கள், மெக்பெத்தின் பாதி நாடகம் ரகசியம் பேசுவது. மேடையில் ரகசியம் பேசுகிற நடிகனுக்கு எப்போதும் ஒரு தர்மசங்கடம், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும், ஆனால் ரகசியமாகவும் இருக்க வேண்டும். ஹெட்போன் வந்ததும் அந்தச் சங்கடமே இல்லை. டென்னன்ட் நிஜமாகவே கிசுகிசுக்கிறார். சூனியக்காரிகள் மேடைக்கே வருவதில்லை, வெறும் குரல்கள், ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு நகர்கிற குரல்கள். அந்த ஒலி வடிவமைப்புக்காக கேரத் ஃப்ரைக்கு லண்டன் நாடக உலகின் பெரிய விருதான ஒலிவியர் விருதும் கிடைத்தது. நாடகத்தில் வரும் கோட்டை வாயிற்காவலன் வந்து ஹெட்போன் மாட்டிய கூட்டத்தையே கிண்டலடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது, என் எரிச்சலுக்கு அவர்களே பதில் வைத்திருந்தார்கள்.

திரையரங்கில் பார்த்த எனக்கு ஹெட்போன் கிடையாது, ஸ்பீக்கர்தான். குரல்கள் சுற்றி வந்தன, காதுக்குள் வரவில்லை. அந்த வித்தியாசம் சின்னதில்லை. ஆனால் அதற்கு ஈடாக இன்னொன்று கிடைத்தது: கேமரா அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே போய்விடுகிறது. பிள்ளை இல்லாத தம்பதி என்பதை இந்தத் தயாரிப்பு விடாமல் பிடித்துக்கொள்கிறது, மெக்பெத்தின் நண்பன் பாங்கோவின் மகனை டென்னன்ட் பார்க்கிற பார்வையில் பொறாமைக்கு முன்னால் ஏக்கம் வந்துவிட்டுப் போகிறது. அதெல்லாம் பல வருடத் தொலைக்காட்சிப் பழக்கம். பிராட்சர்ச் என்ற துப்பறியும் தொடரில் களைத்துப்போன போலீஸ்காரராக மூன்று பருவம் நடித்த ஆளுக்கு, ஒன்றும் பேசாமல் நிற்பது எப்படி என்று தெரியும்.

அதே சமயம் அவர் மேடைக்குப் புதியவரும் இல்லை. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் 1996இலிருந்தே ஆள் உண்டு. 2008இல் ஹாம்லெட் போட்டபோது கையில் பிடித்தது நிஜ மண்டையோடு, ஆந்த்ரே சாய்கோவ்ஸ்கி என்ற பியானோ கலைஞர் தான் இறந்த பிறகு நாடகத்தில் பயன்படட்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனது. (நடிப்பு ஆசை சிலருக்குச் செத்தும் விடாது.) அந்த நாடகம் லண்டனுக்கு வந்தபோது முதுகுப் பிரச்சினையால் அறுவை சிகிச்சைக்குப் போய்ப் பல வாரம் நடிக்க முடியாமல் இருந்தார். ஹாம்லெட்டிலும் 2013இன் இரண்டாம் ரிச்சர்டிலும் இல்லாத ஒன்று மெக்பெத்தில் இருக்கிறது, அந்தச் சொந்தப் பேச்சுதான். அதில் 'ர' உருளும்போது வசனம் கவிதை மாதிரி இல்லாமல் ஒரு மனுஷன் யோசிக்கிற மாதிரி விழுகிறது. லேடி மெக்பெத் மட்டும் ஆங்கிலேய உச்சரிப்பில் பேசுகிறார், அந்தக் கோட்டையில் அவர் தனி ஆள் என்று யாரும் விளக்கிச் சொல்லாமலே புரிகிறது.

குறை? அளவுக்கு மீறிய ஒழுங்கு. எல்லாம் வெள்ளை மேடையில் அளந்து வைத்த மாதிரி. ரத்தம் தெறித்தாலும் துடைத்துவிடலாம் போலிருக்கிறது.

மெக்காவாயின் மெக்பெத்தில் அந்த ஒழுங்குக்கே இடமில்லை. 2013 பிப்ரவரியில் லண்டன் டிரஃபால்கர் ஸ்டுடியோஸ், இயக்கம் ஜேமி லாயிட், மனைவியாக கிளேர் ஃபோய். எதிர்காலத்தில் நாசமாய்ப் போன ஒரு ஸ்காட்லாந்து, சூனியக்காரிகள் முகத்தில் நச்சுவாயு முகமூடி, பார்வையாளர்களில் ஒரு பகுதி மேடைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கோடரியும் கையுமாக, உடம்பெல்லாம் ரத்தமாகத்தான் மெக்காவாயின் வருகை. இவருடைய மெக்பெத் யோசித்துக் கொல்கிறவன் இல்லை, கொன்று பழகியவன், அமைதியில் என்ன செய்வது என்று தெரியாதவன். என்னைக் கேட்டால் நாடகத்தில் எழுதியிருப்பதும் அதுதான், முதல் காட்சிகளிலேயே எதிரியைத் தொப்புளிலிருந்து தாடை வரை கிழித்தவன் என்றுதானே அவனைப் பாராட்டுகிறார்கள். அந்த வரியை டென்னன்ட்டிடம் வைத்துப் பார்த்தால் நம்ப முடியவில்லை, மெக்காவாயிடம் சந்தேகமே வராது. ஆனால் முதல் நிமிடத்திலேயே உச்சத்தில் ஆரம்பித்தால் அப்புறம் எங்கே ஏறுவது? ஒலிவியர் விருதுக்குப் பரிந்துரை வந்தது, விருது வரவில்லை. பின்னால் அதே இயக்குநரோடு, பெரிய மூக்குக்காரனைப் பற்றிய சிரானோ நாடகத்தை ஒட்டுமூக்கே இல்லாமல், கையில் மைக்கோடு செய்தார், அதற்கும் பரிந்துரையோடு சரி.

ஆனால் மெக்காவாய் மெக்பெத் செய்தது அது முதல் தடவையும் இல்லை. 2005இல் ஷேக்ஸ்பியர் கதைகளை இன்றைய காலத்துக்கு மாற்றி பிபிசி ஒரு வரிசை எடுத்தது. அதில் இவர் ஜோ மெக்பெத், கிளாஸ்கோவில் ஒரு பெரிய ஓட்டலின் தலைமைச் சமையல்காரர். சமைப்பது இவர், தொலைக்காட்சியில் பெயர் வாங்குவது முதலாளி டங்கன். சூனியக்காரிகள்? மூன்று குப்பை வண்டிக்காரர்கள்! ஆரூடம் அரியணை பற்றியும் இல்லை, உணவகங்களுக்குத் தரும் உச்ச மதிப்பான மூன்று மிஷலின் நட்சத்திரங்கள் பற்றி. இதில் ஒரு காட்சி எனக்கு மறக்காது: இளம் சமையல்காரர்களைச் சுற்றி நிறுத்திவைத்து, ஒரு பன்றித் தலையை அறுத்து அறுத்துக் காட்டுகிறார், அவ்வளவு நிதானம், அவ்வளவு மரியாதை அந்த மாமிசத்தின் மேல். கத்தி அந்தக் கையில் பழகியிருக்கிறது. மெக்காவாயின் தாத்தா கசாப்புக்கடைக்காரர் என்று அப்புறம் தெரிந்துகொண்டபோது ஆச்சரியமே வரவில்லை. மேடையில் கோடரியோடு வந்தவரை விட இந்தச் சமையல்காரர்தான் எனக்குப் பயம் காட்டினார்.

சரி, கம்மிங். இது வேறு ரகம். 2012இல் ஸ்காட்லாந்து தேசிய நாடகக் குழுவோடு கிளாஸ்கோ டிராம்வேயில் தொடங்கி, 2013 ஏப்ரலில் பிராட்வே. (மெக்காவாயின் நாடகம் லண்டனில் முடிகிற அதே வாரம் இது நியூயார்க்கில் திறந்தது, ஒரே சமயத்தில் கடலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மெக்பெத்.) இடம் ஒரு மனநல மருத்துவமனை அறை. ஒரு நோயாளியைக் கொண்டுவந்து உடைகளைக் கழற்றிப் பைகளில் போட்டு அடையாளம் ஒட்டுகிறார்கள், மார்பில் கீறல்கள். மருத்துவரும் உதவியாளரும் கிளம்பும்போது அவர் மெல்ல ஆரம்பிக்கிறார்: நாம் மூவரும் மறுபடி எப்போது சந்திப்போம்? சூனியக்காரியின் முதல் வரி. அங்கிருந்து ஏறக்குறைய மொத்த நாடகமும் அவர் ஒருவர்தான்.

ஒரு துண்டைக் கவனியுங்கள். இடுப்பில் கட்டினால் மெக்பெத். மார்பு வரை ஏற்றினால் மனைவி. அவ்வளவுதான் வேடம்! டங்கன் என்றால் பேச்சு மேட்டுக்குடி ஆங்கிலமாகிவிடும், பாங்கோ என்றால் கையில் ஓர் ஆப்பிள். மூலையில் குளியல் தொட்டி, மேலே கண்காணிப்புத் திரைகள். கேபரே நாடகத்தில் விடுதி அறிவிப்பாளராக வந்து 1998இல் அமெரிக்க நாடக விருதான டோனி வாங்கியவர், கூட்டத்தை ஒற்றை ஆளாகக் கட்டிப்போடத் தெரியும். கதை தெரியாதவர் இதைப் பார்த்தால் குழம்பிப்போவார், அது நிஜமான குறை. தெரிந்தவருக்கு, கணவனும் மனைவியும் ஒரே உடம்புக்குள் சண்டை போடுவதைப் பார்த்த பிறகு இரண்டு நடிகர்கள் அதிகம் என்று தோன்றிவிடும்.

ஆக, முதல் தடவை பார்க்கிறவருக்கு டென்னன்ட், யோசிக்க வேண்டியதே இல்லை. ஷேக்ஸ்பியர் என்றாலே ஓடுகிறவருக்கு 2005 சமையல்காரர். எனக்கு மட்டும் கேட்டால் கம்மிங், பாதி பார்க்காமலே சொல்கிறேன், திட்டுங்கள். அவர் இப்போது ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரி ஊர் நாடக அரங்கின் கலை இயக்குநர், பிறந்த ஆபர்ஃபெல்டிக்குப் பக்கம்தான். அந்தக் குளியல் தொட்டி எந்தக் கிடங்கில் கிடக்கிறதோ, ஒருநாள் அதை அங்கே இறக்கினால் டிக்கெட்டுக்கு முதல் போன் என்னுடையது.