சைக்கோவா, ஹாலோவீனா? எந்த இசை அதிகம் மிரட்டுகிறது?

திகில் பட இசையில் என் ஓட்டு 'சைக்கோ'வுக்குத்தான் (1960). டிரம்ஸ், ட்ரம்பெட் எதுவும் இல்லாமல் வயலின், செல்லோ போன்ற தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்தே பெர்னார்ட் ஹெர்மன் முழுப் படத்துக்கும் இசையமைத்தார். படத்தில் வரும் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் எழுதியதைக் கேட்டதும் மனம் மாறினார். அந்த வயலின் அலறல் இல்லாமல் அந்தக் காட்சியை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

'ஹாலோவீன்' (1978) வேறு வகை. இயக்குநர் ஜான் கார்பென்டரே இசையமைத்தார். பியானோ, சின்தசைசர், அப்புறம் ஐந்து தட்டுத் தாளம், அவ்வளவுதான். நான்கில் முடியும் என்று காது காத்திருக்க, ஐந்தாவது தட்டு வந்து நிம்மதியைக் கெடுக்கிறது. படம் இல்லாமல், ராத்திரி ஹெட்போனில் ஆல்பமாகக் கேட்க இதுதான் சரி.