பழைய கேசட்டை பென்டிரைவில் ஏற்றித் தரும் வண்ணாரப்பேட்டை கடை: ஒரு 51 செகண்ட் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடை நல்ல கடை. கல்யாணக் கேசட், காதுகுத்துக் கேசட் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொண்டு தைரியமாகப் போய்க் கொடுக்கலாம். வி.எச்.எஸ். வீடியோ கேசட் ஒன்றுக்கு 350 ரூபாய். பூஞ்சை பிடித்திருந்தால் சுத்தம் செய்ய இன்னொரு 150. பென்டிரைவ் நாம்தான் கொண்டுபோக வேண்டும். வியாழக்கிழமை என்று சொன்னால் சனிக்கிழமை கிடைக்கும். காமெடி கேசட் வைத்திருப்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள். அப்படி இந்த ஊரில் எத்தனை பேர் என்று கேட்டால், எனக்குத் தெரிந்து நான் ஒருத்தி.

இடம் பழைய வண்ணாரப்பேட்டை, எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே ஜாக்கெட் துணி ஹோல்சேல், மேலே இவர். போர்டு கிடையாது. படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். என் முழங்காலுக்கு இது ஒரு தனி விமர்சனம் எழுதும் விஷயம். தீபாவளிக்கு முந்தின மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள், சந்துக்குள் நுழையவே அரை மணி நேரம் ஆகும்.

நான் கொண்டுபோனது 14 கேசட். என்னுடையவை இல்லை. எங்கள் சாருடையவை.

சார் டிவியில் காமெடி எடுத்தவர். நான் அவரிடம் கன்டினியூட்டி பார்த்தேன். அதாவது, நடிகர் போன ஷாட்டில் எந்தக் கையில் டம்ளர் வைத்திருந்தார், சட்டையில் எத்தனை பட்டன் போட்டிருந்தார், ஷாட் எத்தனை செகண்ட் ஓடியது என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிற வேலை. கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் நோட்டு. நோட்டுகள் இன்றைக்கும் ராயபுரத்தில் என் வீட்டு பீரோவில் இருக்கின்றன. இந்த விமர்சனமே அந்த நோட்டால் வந்தது.

சார் தவறி இரண்டு வருடம் ஆகிறது. அவர் வீட்டு அக்கா பரணிலிருந்து ஒரு ரெக்ஸின் பையை இறக்கி என் கையில் கொடுத்தார். பரணில் இருந்ததால்தான் பிழைத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியில் அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், பிரிட்ஜ் மிதந்தது. ஒளிபரப்பான மாஸ்டர் பீட்டா டேப்புகள், அதாவது மூலப் பதிவுகள், எங்கே என்று கேட்பீர்கள். டேப் விலை அதிகம், அதனால் ஒளிபரப்பு முடிந்ததும் அதன்மேலேயே அடுத்ததைப் பதிவு செய்துவிடுவோம். மிஞ்சினது பார்ப்பதற்காக எடுத்து வைத்த இந்த வி.எச்.எஸ். நகல்கள் மட்டும்தான்.

கடைத் தம்பிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். மெஷின் மூன்று வைத்திருக்கிறார். புதிதாக வாங்க முடியாது. ஜப்பானில் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஃபூனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. பழைய இரும்புக் கடையிலும் பர்மா பஜாரிலும் பொறுக்கிச் சேர்த்ததாகச் சொன்னார். அதில் ஒன்று பூஞ்சைக் கேசட்டுக்கு மட்டும். பூஞ்சை பிடித்த டேப்பை நல்ல மெஷினில் போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், இது தெரியாமல் போடுகிற கடைகளும் உண்டு. காசிமேட்டுக் கடல் காற்று வீசுகிற பக்கம் கேசட் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பெரிய கவலை. தம்பி ஐந்து ஸ்குருவைக் கழற்றி, மேல் மூடியைத் திறந்து, டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருப்பதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். 14-ல் 3 அப்படி. படம் ஆடாமல் பிடிக்க நடுவில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார், டைம் பேஸ் கரெக்டர். அது இல்லாத கடையில் பழைய டேப் கொடுத்தால் படம் நெளியும், போகப்போக வாய் அசைவுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்காது. இந்த வகையில் முழு மார்க்.

சனிக்கிழமை 11 கேசட் வந்தது. வீட்டு டிவியில் போட்டேன். படம் சுத்தம், சத்தம் சுத்தம். நான் சிரிக்கவில்லை.

நமக்கு வயதாகிவிட்டது, அந்தக் காலத்துக் காமெடி இப்போது எடுபடாது என்றுதான் நினைத்தேன். இரண்டாவது எபிசோடும் அப்படியே. ஏழாவதில் ஒரு சீன் இருக்கிறது, அது எனக்கு மனப்பாடம். வாடகை கேட்டு வீட்டுக்காரர் வருவார். குடியிருப்பவர், "நாளைக்குக் கண்டிப்பா குடுத்துடறேன் சார்" என்பார். வீட்டுக்காரர் பதில் சொல்ல மாட்டார். அவரைப் பார்ப்பார். சுவரில் தினசரி காலண்டரைப் பார்ப்பார். மெதுவாக நடந்து போய் ஒரு தாளைக் கிழிப்பார். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். அதற்குப் பிறகுதான், "நாளைக்கு ஆயிடுச்சு. எடு."

என் டிவியில் வீட்டுக்காரர் வாசலில் நிற்கிறார், அடுத்த நொடி காலண்டர் பக்கத்தில் நிற்கிறார். பேய் மாதிரி. கிழிக்கும் சத்தம் வருகிறது, உடனே "நாளைக்கு ஆயிடுச்சு." நடை இல்லை, மடிப்பு இல்லை.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது எபிசோட், 22 நிமிடம் 40 செகண்ட். பென்டிரைவில் 21 நிமிடம் 49. 51 செகண்டைக் காணோம்.

இந்தச் சீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக முடியாது. நடிகர் கிழித்துக்கொண்டே வசனம் பேசத்தான் ஒத்திகை பார்த்திருந்தார். சார் நிறுத்தினார். "கிழிக்கும்போது பேசாதீங்க. நீங்க எதுக்குக் கிழிக்கிறீங்கன்னு வீட்டுல உக்காந்திருக்கிறவன் யோசிக்கட்டும். அவன் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் நீங்க சொல்லுங்க." மடித்துப் பையில் வைப்பதும் அப்போது அவர் சேர்த்ததுதான், யோசிப்பதற்கு நேரம் வேண்டுமே. எனக்கு அதனால் வந்தது தலைவலி. ஒவ்வொரு டேக்கிலும் ஒரு தேதி போய்விடும். மார்ச் மாதம், அதே காலண்டர் எங்கே கிடைக்கும்? கிழித்த தாளையே கோந்து போட்டு ஒட்டி ஒட்டி நான்கு டேக் எடுத்தோம். உற்றுப் பார்த்தால் தாளின் மேல் ஓரம் உப்பியிருப்பது தெரியும். இந்தக் கடை எடுத்த தெளிவில் இன்னும் நன்றாகவே தெரிகிறது.

சார் ஹார்பரில் கிளார்க்காக இருந்தவர். ஐந்தரை மணிக்கு மேல் நாடகம். வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை நாடகக் கொட்டகைக் கதைகளைச் சொல்லி வளர்த்த அப்பாவின் பிள்ளை. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியபோது அவருக்கு இருபத்தைந்து வயது. அடுத்த சில வருடங்களில் அங்கே நாடகம் போட்டு, அப்புறம் தனியார் சேனல்கள் வந்த பிறகு வாரம் ஒரு அரை மணி நேரக் காமெடி. முதலில் 13 வாரம், ஓடினால் 26, அதுவும் ஓடினால் 39. அவருடையது ஒன்று 39 போனது. மெகா சீரியல்கள் வந்ததும் வாரக் காமெடிக்கு நேரம் கிடைக்கவில்லை. அவரும் கடைசியில் ஒரு மெகா சீரியலில் எபிசோட் டைரக்டராகப் போய் உட்கார்ந்தார். அதைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

மேடையிலிருந்து வந்தவர் என்பதால் அவருக்கு எல்லாமே சிரிப்பின் அளவுதான். சபாவில் சிரிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். இறங்கத் தொடங்கும்போது அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். உச்சியில் எடுத்தால் காதில் விழாது, முழுக்க அடங்க விட்டால் சீன் படுத்துவிடும். ஆனால் நாங்கள் எடுத்தது வளசரவாக்கத்தில் ஒரு வாடகை வீடு, ஒரே கேமரா, சத்தம் வருகிறது என்று ஃபேனையும் நிறுத்தியிருப்போம். அங்கே யார் சிரிப்பார்கள்? டேக்கில் யாராவது சிரித்தால் டேக் வீண். சார் மானிட்டரைப் பார்க்க மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு, தொடையில் விரலால் தட்டிக்கொண்டு கேட்பார். இல்லாத ஜனத்தின் சிரிப்பை அவர் அப்படித்தான் அளந்தார்.

என் மகன் ஒருநாள் அமெரிக்க டைரக்டர் ஜேம்ஸ் பரோஸைப் பற்றிக் காட்டினான். ஆயிரம் எபிசோடுக்கு மேல் காமெடி எடுத்தவர், "ஃப்ரெண்ட்ஸ்" தொடரின் முதல் எபிசோடும் அவர் எடுத்ததுதான். நாடக எழுத்தாளர் ஏப் பரோஸின் மகன், அவரும் மேடையிலிருந்து வந்தவர். அவரும் மானிட்டரைப் பார்க்காமல், கேமராக்களுக்குப் பின்னால் நடந்துகொண்டே காதால் கேட்டு டைரக்ட் செய்வாராம். எனக்குப் புல்லரித்தது. ஆனால் அவருக்கு நான்கு கேமரா, எதிரே நிஜமான ஜனம். அங்கே 1951-லேயே "ஐ லவ் லூசி"க்கு மூன்று ஃபிலிம் கேமரா வைத்து, ஆட்களை உட்கார வைத்து எடுத்திருக்கிறார்கள். ஜனம் சிரிக்கும் வரை நடிகர் நின்றால் போதும். எங்கள் சாருக்குத் தொடைதான்.

எடிட்டிங்கிலும் இன்றைய வசதி கிடையாது. டேப்பிலிருந்து டேப்புக்கு வரிசையாக ஏற்ற வேண்டும். பத்தாவது நிமிடத்தில் ஒரு ரியாக்ஷனுக்குப் பத்து ஃப்ரேம் கூட்ட ஆசைப்பட்டால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு செகண்டுக்கு 25 ஃப்ரேம். பத்து ஃப்ரேம் என்றால் கண் இமைக்கும் நேரம்தான். அதற்காக ராத்திரி இரண்டு மணிக்கு முழு பாதி எபிசோடையும் திரும்ப ஏற்ற வைத்தவர் அவர். எடிட்டர் திட்டிக்கொண்டே செய்வார். மறுநாள் பார்க்கும்போது எடிட்டரே சிரிப்பார்.

இப்படிச் சேர்த்த ஃப்ரேம்களில்தான் 51 செகண்ட் போயிருந்தது.

திங்கட்கிழமை நோட்டோடு படியேறினேன். தம்பிக்கு முதலில் புரியவில்லை. "டேப்புலயே ஜம்ப் இருந்திருக்கும்க்கா" என்றார். நான் காலண்டர் சீனைப் போடச் சொல்லிவிட்டு, ஒரிஜினல் கேசட்டையும் பக்கத்து டிவியில் ஓடவிடச் சொன்னேன். இரண்டையும் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "ஐயோ, அத்த ஆஃப் பண்ண மறந்துட்டேன்க்கா."

விஷயம் இதுதான். அவருடைய பாதி வருமானம் யூடியூபில் பேசுகிறவர்களின் வீடியோவை எடிட் செய்வதில் வருகிறது. அந்த மென்பொருளில் மௌனத்தைத் தானாக வெட்டுகிற வசதி இருக்கிறது. பேச்சு நின்ற இடமெல்லாம் போய்விடும், பார்க்கிறவர்கள் தள்ளிவிட்டுப் போக மாட்டார்களாம். சாதாரணமாக டேப்பின் இரைச்சலால் அது மௌனத்தைக் கண்டுபிடித்திருக்காது. தம்பி நல்ல எண்ணத்தில் இரைச்சலை முதலில் எடுத்துவிட்டார். அதனால் சார் விட்ட இடைவெளிகள் அத்தனையும் சுத்த மௌனமாகி, ஒன்று விடாமல் மாட்டிக்கொண்டன. கல்யாணக் கேசட்டில் நாதஸ்வரம் நிற்பதே இல்லை, அதனால் இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் தம்பி எதிர்த்துப் பேசவில்லை. 11 கேசட்டையும் மறுபடி, எந்த வெட்டும் இல்லாமல், இரைச்சலோடு எடுத்துத் தந்தார். இன்னொரு வாரம் ஆனது. காசு வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். ஏழாவது எபிசோட் இப்போது 22 நிமிடம் 41. கூடுதலான அந்த ஒரு செகண்ட் அன்றைக்குப் பட்டனை அழுத்திய என் கையின் தவறாக இருக்கும். மகன் பார்த்தான், காலண்டர் தாளை மடிக்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டான். வசனத்துக்கு முன்னாலேயே.

இன்னும் இரண்டு குறை. முதல் தடவை படத்தை அகல டிவிக்காக இழுத்துவிட்டிருந்தார், எல்லோரும் குண்டாகத் தெரிந்தார்கள். இருபக்கமும் கறுப்பு விட்டு, பழைய சதுரமாகவே வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஃபைல்களுக்கு "காமெடி 1", "காமெடி 2" என்றுதான் பெயர் வைக்கிறார். கேசட் மேல் எழுதியிருப்பதை அப்படியே அடிக்கச் சொல்லுங்கள். "யார் டைரக்டர்?" என்று அவர் கேட்டபோது பெயர் சொன்னேன், தெரியவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. டிவி காமெடியில் ஜனத்துக்கு முகம்தான் ஞாபகம் இருக்கும். "லொள்ளு சபா" என்றால் சந்தானம் என்பார்கள், அதை டைரக்ட் செய்த ராம்பாலா பெயரைச் சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?

கொடுக்கப்போகிறவர்கள் இரண்டு வார்த்தை மறக்காமல் சொல்லுங்கள்: மௌனத்தை வெட்டாதே, இரைச்சலை எடுக்காதே. முடிந்தால் கேசட் எத்தனை நிமிடம் என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

பூஞ்சை பிடித்த மூன்றும் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. மழை ஈரத்தில் திறக்க வேண்டாம், வெயில் வந்ததும் செய்கிறேன் என்கிறார். அதில் ஒன்றின் மேல் சார் கையெழுத்தில் "வேண்டாம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதையும் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன்.