குப்பியைத் திறக்காமல் வாயு பார்க்க: டர்ஹாம் குழாய், ஜி.சி., லேசர்

ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு பாக்டீரியா விடும் வாயுவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் தேங்கிய இடத்தில் வரும் அழுகின முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. கழிவிலுள்ள சல்பேட்டை பாக்டீரியா மாற்றி வெளியே விடுவது அது. மூக்கையே கருவியாக நம்பவும் முடியாது. அளவு கூடினால் மூக்கு மரத்து, வாடையே தெரியாமல் போகும்.

ஆய்வகத்துக்கு வருவோம். குப்பியில் வளர்க்கும் பாக்டீரியா வாயு விடுகிறதா என்று பார்க்க மூன்று வழி. முதலாவது டர்ஹாம் குழாய். பாக்டீரியா வளரும் லாக்டோஸ் (பால் சர்க்கரை) கரைசலுக்குள் கவிழ்த்து வைத்த இந்தச் சிறு குழாயில் குமிழி நின்றால் வாயு உண்டு, அவ்வளவுதான். 24 முதல் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். என்ன வாயு, எப்போது வந்தது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. ஆனால் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க இதற்கு மேல் செலவு செய்வது வீண்.

அடுத்தது ஜி.சி., அதாவது கேஸ் குரோமடோகிராபி. கலவையில் உள்ள வாயுக்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கருவி. ஒவ்வொரு முறையும் குப்பியின் மூடியில் ஊசி குத்தி வாயுவை எடுக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. அழுத்தம் குறையும், வெளிக்கிருமி நுழையலாம். அப்புறம், ராத்திரி இரண்டு மணிக்கு ஊசியோடு யார் நிற்பது?

அந்த இடத்தில்தான் லேசர் ஜெயிக்கிறது. டயோடு லேசரின் மின்னோட்டத்தை லேசாக ஏற்றி இறக்கினால் அலைநீளம் நகரும். 2 மைக்ரான் அருகே கார்பன் டை ஆக்சைடு ஒளியை விழுங்கும் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தைத் தாண்டும்போது ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், திரவத்துக்கு மேலே உள்ள வாயுவின் அளவு வந்துவிடும். மூடி திறக்காமலே சில நிமிடங்களுக்கு ஒரு புள்ளி. விடிந்தால் முழு வளர்ச்சிக் கோடு.

சரி, சிக்கல் இல்லையா? இருக்கிறது. குப்பிக்கு வெளியே உள்ள காற்றிலும் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவுக்கு அதே வாயு. நாம் விடும் மூச்சிலோ 4 சதவீதம். குனிந்து எட்டிப் பார்த்தாலே கணக்கு கெடும். லேசர் போகும் வழியில் நைட்ரஜனை ஓடவிட வேண்டும். இன்னொன்று, வேலூர் வெயிலுக்கு ஏ.சி.யை முழுசாக வைத்த அறையில் 37 டிகிரி குப்பியைக் கொண்டுவந்தால், கண்ணாடியின் உட்புறம் துளி கட்டி ஒளி சிதறும். அளவு கூடிவிட்டதாக ஒரு நாள் நானும் ஏமாந்தேன்.

ஹைட்ரஜன் விஷயத்தில் லேசர் ஏறக்குறையக் குருடு. ஒரே மாதிரி இரண்டு அணு சேர்ந்த மூலக்கூறு அகச்சிவப்பை விழுங்குவதே அபூர்வம். அதனால் ஹைட்ரஜனும் விடும் ஈ.கோலை (குடல் பாக்டீரியா) குப்பிக்கு மட்டும் லேசரோடு தினம் ஒரு ஊசி ஜி.சி.க்கும் போகிறது.