ஜிஆர்86-க்கு என்கேய் ஆர்பிஎஃப்1: 17×9 +45 சரியாக உட்காருமா?

டொயோட்டா ஜிஆர்86, அதன் உடன்பிறப்பான சுபாரு பிஆர்இசட் இரண்டுக்கும் வீல் மாற்ற நினைப்பவர் பட்டியலில் என்கேய் ஆர்பிஎஃப்1 இல்லாமல் இருக்காது. காரணம் எடை. 17×9 அளவிலேயே (விட்டம் 17, அகலம் 9 அங்குலம்) ஒரு வீல் 7 கிலோவை ஒட்டித்தான் வருகிறது. வார்ப்பு வீலுக்கு இது நன்றாகவே குறைவு. வீலின் தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. இந்த அளவு இந்தக் காருக்குப் பொருந்துமா என்பதில்தான் சிக்கல்.

கம்பெனி வீல் 17×7.5, ஆஃப்செட் (காரில் பதியும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பது) +48. புதியது +45. "3 மி.மீ. வித்தியாசம்தானே" என்று வாங்கிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் அகலத்தை மறந்தவர்கள். ஒன்றரை அங்குலம் கூடுதல் என்றால் 38.1 மி.மீ.; பக்கத்துக்கு 19.05. ஆஃப்செட் குறைந்த 3 மி.மீ.யையும் சேர்த்துப் பார்த்தால் ரிம் உள்பக்கம் 16 மி.மீ., வெளிப்பக்கம் 22 மி.மீ. நகர்கிறது. எந்த வீலாக இருந்தாலும் ஆஃப்செட்டை மட்டும் பார்க்காமல் இந்த இரண்டு எண்களையும் போட்டுப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும்.

உள்பக்கத்தில் டயர் முதலில் நெருங்குவது ஸ்ட்ரட்டை (வீலைப் பிடித்திருக்கும் ஷாக் அப்சார்பர் தூண்). 245/40 ஆர்17 டயர் கம்பெனி ஸ்ட்ரட்டில் வழக்கமாக உரசாது, தாராளமாகவும் இருக்காது. காயில் ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) போட்டு ஸ்பிரிங் இருக்கையை டயர் உயரத்துக்குக் கீழே இறக்கினால் அந்த இருக்கையே டயரைத் தேய்க்கும். கேம்பர் (வீலின் பக்கவாட்டுச் சாய்வு) வைக்கும் விதமும் இதில் சேர்த்தி. ஸ்ட்ரட்டின் அடியிலுள்ள கேம்பர் போல்ட்டில் சாய்த்தால் டயரின் மேல்பகுதி ஸ்ட்ரட்டை நோக்கியே போகும். மேலே கேம்பர் பிளேட்டில் சாய்த்தால் ஸ்ட்ரட்டும் வீலும் சேர்ந்தே சாயும், இடைவெளி மாறாது. வெளியே ஃபெண்டர் விளிம்பைத் தப்பிக்க முன்பக்கம் எப்படியும் நெகட்டிவ் கேம்பர் (வீலின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது) கூட்ட வேண்டியிருக்கும், அதனால் பிளேட்டுக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

ஸ்பேசர் (வீலுக்குப் பின்னால் வைக்கும் வட்டத் தகடு) போட்டு இடம் பண்ணலாம்தான். 5 மி.மீ. போட்டால் ஆஃப்செட் +40 ஆகும், வெளிப்பக்கம் 27 மி.மீ. ஆகிவிடும். வீல் நட் ஏறும் ஸ்டட் எம்12×1.25 (மரை இடைவெளி 1.25 மி.மீ.), 5 மி.மீ. என்பது நான்கு சுற்று மரை. நட் குறைந்தது பத்துச் சுற்று பிடிக்காவிட்டால் நீள ஸ்டட் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

டயர் வெளிவிட்டத்தில் பிரச்சினை இல்லை. 215/45 ஆர்17 625 மி.மீ., 245/40 ஆர்17 628. ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட அப்படியே காட்டும்.

பழைய வீல் வாங்குவோர் போல்ட் அமைப்பில் (துளைகளின் எண்ணிக்கை × அவை அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.யில்) கவனம் வைக்கவும். இதே வீல் 5×114.3-லும் நிறையப் புழங்குகிறது. ஜிஆர்86-க்கு வேண்டியது 5×100. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் 58.8 மி.மீ. இருக்க வேண்டும். 67.2 வந்தால் அது 114.3. விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அளவு வீலிலேயே வார்த்திருக்கும், அதைப் பாருங்கள். ஜேடபிள்யூஎல் (ஜப்பானிய அலாய் வீல் தரம்) முத்திரையையும் தேடுங்கள். இந்த வடிவத்துக்குப் போலிகள் ஏராளம்.

நடுத்துளை 73 மி.மீ.; காரின் ஹப் (வீலின் நடுத்துளை உட்காரும் மைய மேடு) 56.1. இடையில் அந்த வித்தியாசத்தை நிரப்பும் ஹப் ரிங் இல்லாமல் மாட்டினால் வீல் மையத்தில் நிற்காமல் வேகத்தில் ஸ்டீயரிங் ஆடும். பாலன்சிங் செய்து செய்து பார்த்தாலும் அந்த ஆட்டம் போகாது. ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர் பிளாஸ்டிக் ரிங்கைத் தவிர்க்க வேண்டும், பிரேக் சூட்டில் இளகிவிடும். அலுமினிய ரிங் போட்டு, ஹப்பில் மெல்லியதாக ஆன்டி-சீஸ் பசை தடவினால் ஒட்டிக்கொள்ளாது. ஸ்டட் மரையில் தடவ வேண்டாம். முறுக்கு அளவு பொய்யாகிவிடும். 60 டிகிரி கூம்பு நட், 120 நியூட்டன் மீட்டர், 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு முறை. நட் குழி ஒடுக்கமானது, தடித்த சாக்கெட் விட்டால் பெயின்ட் உரிந்துவிடும். இந்த வீலில் எரிச்சலூட்டும் விஷயம் இது ஒன்றுதான்.

டயர் ஏற்றும் முன் வெறும் வீலை மாட்டிப் பாருங்கள்; டயர் ஏறிய வீலைக் கடைக்காரர் திருப்பி வாங்க மாட்டார். பெரிய பிரெம்போ பிரேக் உள்ள காரில் இதைத் தவிர்க்கவே முடியாது. காலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் 3 மி.மீ.யாவது வேண்டும். ஒட்டும் பாலன்ஸ் எடைக்கும் உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அலைன்மென்ட்டைத் தொட விருப்பமில்லாதவர்களுக்கு இதே வீலின் 17×8 +45 போதும். உள்ளே 3.4, வெளியே 9.4 மி.மீ.தான் நகரும். 225/45 ஆர்17 போட்டால் கம்பெனி சஸ்பென்ஷனிலேயே உட்கார்ந்துவிடும்.