ட்ரோன் பறக்கவிட: புதுச்சேரி ராக் பீச்சா, கடலூர் சில்வர் பீச்சா?

கல்யாண ஷூட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் கேட்பது ராக் பீச்தான். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், வெள்ளைக் கட்டடங்கள் என்று மேலிருந்து பார்க்க அத்தனை அழகு. ஆனால் லாஸ்பேட்டை விமான நிலையம் அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 5 கிலோமீட்டர்தான். 2021 ட்ரோன் விதிகளின்படி, இயங்கும் விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் பச்சை மண்டலமே, அதாவது தனி அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதியே கிடையாது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி இல்லாமல் பத்தடி உயரம்கூடக் கூடாது.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச் அந்த விமான நிலையத்திலிருந்து 12 கிலோமீட்டருக்கும் அப்பால். அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் பச்சை என்று காட்டினால், 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். திருவிழா, தலைவர்கள் வருகை என்றால் போலீஸ் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலம் (மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாத பகுதி) அறிவிக்கலாம். கிளம்பும் அன்று காலையிலேயே வரைபடத்தைப் பாருங்கள்.

இடம் மாறினாலும் ட்ரோனுக்கான விதி மாறாது. 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவு எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். 2 கிலோ வரை பொழுதுபோக்குக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனில் காசு வாங்கிக் கல்யாணம் எடுத்தால் வேண்டும்.

என்னைக் கேட்டால், ராக் பீச்சைத் தரையில் நின்று எடுங்கள், ட்ரோனைக் கடலூருக்குக் கொண்டுபோங்கள். அப்புறம், மீன் காயும் இடத்திலும் வலை பின்னுபவர்களின் தலைக்கு மேலேயும் வேண்டவே வேண்டாம்.