கையெழுத்துப் போடுமுன் ஆறாவது பிரிவைப் படியுங்கள்

படம் வரைந்து பிழைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது.

குழந்தைகளுக்கான படக்கதைத் தொடருக்கு ஓவியர் தேடுவதாக ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. பேச்சு தொடங்குமுன்பே நான்கு பக்க ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை அனுப்பினார்கள். "வழக்கமான நடைமுறைதான், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள், நாளைக்கே பேசிவிடலாம்" என்றார் பொறுப்பில் இருந்த அம்மையார். அவர்களுடைய கதை என் மூலம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறார்கள் என்று நம்பினேன். அன்றிரவே கையெழுத்திட்டேன்.

மறுநாள்தான் தெரிந்தது, அவர்களிடம் கதையே இல்லை. கதையைக் கொடுத்தது நான். மழைக்குப் பயந்த ஒரு கிழக் கொக்கு, எங்கே போனாலும் உடைந்த குடையோடு போகிறது. குடையின் ஒரு கம்பி மட்டும் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வளைந்து நிற்கும். வெட்கம் வந்தால் கொக்கு அந்தக் கம்பியை அலகால் கடித்துக்கொள்ளும். பதினொரு படங்கள் வரைந்து அனுப்பினேன். "எங்களுக்குப் பொருந்தவில்லை" என்று மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பணம் எதுவும் வரவில்லை.

ஏழு மாதம் கழித்துத் தொடர் வெளியானது. வரைந்தவர் வேறொருவர். கோடு வேறு, வண்ணம் வேறு. ஆனால் அதே கொக்கு, அதே குடை. கம்பியைக் கடிப்பதுகூட அப்படியே இருந்தது. அன்று முழுவதும் என்னால் பென்சிலைத் தொட முடியவில்லை.

வழக்கறிஞரிடம் போன பிறகே சட்டம் புரிந்தது. (பலர் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள், அது புதிய கண்டுபிடிப்புக்கானது. ஓவியத்துக்கு உரியது பதிப்புரிமை.) பதிப்புரிமை, வரைந்த படத்தைத்தான் காக்கும், கருவைக் காக்காது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் 9ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. மழைக்குப் பயந்த கொக்கை யார் வேண்டுமானாலும் வரையலாம். வளைந்த கம்பி, அதைக் கடிக்கும் அலகு போன்ற நுணுக்கங்களை வைத்து வாதாட இடம் உண்டு, ஆனால் வெற்றி உறுதியில்லை என்றார்.

கருவைக் காக்க வல்லது ரகசியக் காப்புச் சட்டம். நம்பிச் சொன்னதை, அந்த நம்பிக்கையை மீறிப் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் அடிப்படை. அப்படியானால் நான் கையெழுத்திட்ட தாள்தான் எனக்குக் கவசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அதில் 'தகவல் தருபவர்' நிறுவனம் மட்டுமே, 'பெறுபவர்' நான். வாய்மூடி இருக்கும் கடமை முழுவதும் என் தலையில். ஆறாவது பிரிவு அதைவிட மோசம்: பேச்சுவார்த்தையின்போது உருவாகும் பொருள் எல்லாம் நிறுவனத்தின் உடைமையாகவும் ரகசியத் தகவலாகவும் கருதப்படும். என் கொக்கை என் படைப்புத் தொகுப்பில்கூட நான் காட்ட முடியாது. அந்தப் பிரிவு செல்லுமா என்பதே இப்போது எங்களுக்குள் வழக்கு.

தபால் முத்திரைத் தேதி சான்றாக இருக்கும், படத்தை உறையிலிட்டு எனக்கே தபாலில் அனுப்பியிருக்கலாமே என்றார் ஒரு நண்பர். அதனால் எந்த உரிமையும் பிறப்பதில்லை. நீங்கள் பதிப்புரிமையைப் பதிவு செய்யவில்லையே என்று நிறுவனம் எழுதியதும் சரியான பதில் இல்லை. பதிப்புரிமைக்காக நாடுகளுக்கிடையே 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கை, 1908இல் பெர்லினில் திருத்தப்பட்டதிலிருந்து, பதிவு போன்ற எந்தச் சடங்கும் இல்லாமலே உரிமை உண்டு என்கிறது. வழக்குத் தொடரப் பதிவு கேட்கும் நாடுகள் சில உண்டு, அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கைகொடுத்தவை தேதியோடு கிடந்த பென்சில் வரைவுகளின் புகைப்படங்களும் மின்னஞ்சல்களும்தான். எதையும் அழித்துவிடாதீர்கள்.

ரகசியக் கடமை இரு தரப்புக்கும் பொருந்தும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முழுப் பணமும் கைக்கு வந்த பிறகே உரிமை மாறும் என்ற வரியையும் கேளுங்கள். மறுத்தால் படம் அனுப்பாதீர்கள். அதே நான்கு பக்கம் உங்களுக்கும் வந்திருந்தால், ஆறாவது பிரிவு மூன்றாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது.