ரேஸ் தாளில் தொலைந்த ஒரு பதினொன்று

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. இங்கிலாந்துச் சனிக்கிழமைக் குதிரை ஓட்டங்களின் தாளை அங்கே அச்சடித்துத் தருகிறார்கள். நாலு பக்கம், எண்பது ரூபாய். பெயரைச் சொல்லமாட்டேன், குறை சொல்லப்போகிறேன், அந்தத் தம்பியின் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும்.

தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். நுவரெலியாவில் வேலை பார்த்த காலத்தில் சித்திரை ஓட்டங்களைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. பந்தயம் கட்டுவதில்லை. கட்டிய ஒரே தடவையும் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வேண்டியதெல்லாம் கிழட்டுக் குதிரைகள். தாள் கைக்கு வந்ததும் முதலில் வயதைப் பார்ப்பேன். பத்துக்குக் குறைந்தால் கண் நிற்காது.

தடையில்லாத சமதரை ஓட்டங்களில் பெயரெடுத்த ஆண் குதிரை மூன்று நாலு வயதிலேயே பொலிகுதிரையாகப் போய்ச் சுகமாக இருந்துவிடும். தடை தாண்டுகிறவை பெரும்பாலும் காயடிக்கப்பட்டவை. அந்த யோகம் அவற்றுக்கு இல்லை, ஓடிக்கொண்டிருக்கின்றன. ரெட் ரம் என்ற குதிரை, அங்கே பேர்போன தடை ஓட்டமான கிராண்ட் நாஷனலை மூன்றாவது தடவை வென்றது 1977இல், 12 வயதில். சொனி சோமர்ஸ் என்ற இன்னொன்று 1980 பெப்ரவரியில் 18 வயதில் இரண்டு ஓட்டங்களை வென்றது. 10 வயதும் அதற்கு மேலும் ஆனவைக்கென்றே இப்போது தனி ஓட்டங்கள் நடக்கின்றன. அவற்றின் இறுதி ஓட்டம் ஜனவரித் தொடக்கத்தில், லண்டனுக்குப் பக்கத்திலுள்ள சண்டவுன் மைதானத்தில்.

முதிய குதிரையில் ஒரு சூட்சுமம் உண்டு. தடை ஓட்டங்கள் பலவற்றில், வென்ற குதிரைக்கு அடுத்த தடவை முதுகுச் சுமையை ஏற்றுவார்கள், தோற்றுக்கொண்டே வந்தால் இறக்குவார்கள். தோற்றுத் தோற்றுச் சுமை இறங்கிய பன்னிரண்டு வயதுக்காரன் ஒரு நாள் இளசுகளை முந்தி வருவான். அந்த நாளை மோப்பம் பிடிக்க வயதும் சுமையும் தாளில் ஒழுங்காக இருக்க வேண்டும்.

கடை சறுக்கியது அங்கேதான். தாளில் '11-11-2' என்று வரும். முதல் 11 வயது. பின்னால் வருவது சுமை: 11 ஸ்டோன் 2 இறாத்தல் (ஒரு ஸ்டோன் 14 இறாத்தல்), ஜொக்கியும் சேணமுமாக 71 கிலோ அளவில். தட்டெழுதுகிற தம்பி ஒரு பதினொன்றைத் தூக்கிவிட்டான்! மூன்று வாரம் எனக்குப் பதினொரு வயதுக் குதிரைகளே அகப்படவில்லை. 10 ஸ்டோன் சுமந்த ஒன்றிரண்டுதான் தப்பியிருந்தன. பத்து வயதில் 10 ஸ்டோன் சுமந்தவைக்கும் அதே கதி. விலாசம் சிதைந்த கடிதங்களைச் சேர வேண்டிய வீட்டில் சேர்த்தவன் நான். இதைக் கண்டுபிடிக்க எனக்கே மூன்று வாரம் பிடித்தது. கேட்டபோது, “ஒரே எண் இரண்டு தரம் வந்திருந்தது ஐயா, பிழை என்று நினைத்து ஒன்றை எடுத்துவிட்டேன்” என்றான். கோபப்பட முடியவில்லை. அடுத்த வாரமே வயதுக்குத் தனி நிரல் போட்டுவிட்டான்.

ஜனவரியில் இன்னொன்று. பிறந்த மாதம் எதுவானாலும் அந்நாட்டு ரேஸ் குதிரைகளுக்கெல்லாம் ஜனவரி முதலாம் திகதி ஒரு வயது கூடும். தம்பி டிசம்பர்ப் பட்டியலையே பிரதி செய்து ஒட்டியிருந்தான். சண்டவுன் கிழங்களெல்லாம் ஒரு வயது இளமையாக நின்றன. “எனக்கும் இப்படிக் குறைத்துத் தரமுடியுமா தம்பி?” என்று கேட்டேன். போட்டோக்கொப்பிக்கு நின்ற பெண் பிள்ளைதான் சிரித்தது, அவன் சிரிக்கவில்லை.

நேரக் கணக்கில் ஒரு பிழையும் இதுவரை இல்லை. இங்கிலாந்து நேரத்தோடு மாரியில் ஐந்தரை மணித்தியாலம், கோடையில் நாலரை கூட்டி எழுதுகிறான். அங்கே கடிகாரத்தை மாற்றி வைக்கிற வாரத்தில்கூடத் தவறியதில்லை. அங்கே மூன்று மணி ஓட்டம் என்றால் மாரியில் எனக்கு எட்டரை, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உட்கார வசதி. எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னால் தருகிறான், ஆனால் தாள் ஆறு பக்கமாகிவிடும், நாற்பது ரூபாய் கூட. கல்லடியிலிருந்து போய்வருகிற எனக்கு அது பெரிய காசு இல்லை. கண்ணாடி மாற்றுவதைவிட மலிவு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போகவேண்டாம். தடை ஓட்டங்களில் எவை ஓடும் என்பது பெரும்பாலும் முதல் நாள் காலைதான் அங்கே உறுதியாகும். நமக்கு அது வெள்ளி பின்னேரம். ஒருமுறை அவசரப்பட்டு வாங்கி நான் வட்டம் போட்டு வைத்த ஐந்தில் மூன்று ஓடவே இல்லை. சனி காலையில் போங்கள், பத்து மணிக்குள். அதற்குப் பிறகு ரியூட்டரிப் பிள்ளைகள் குறிப்புக் கட்டுகளோடு வந்துவிடுவார்கள். அவர்கள் முடியும்வரை அந்த இயந்திரம் குதிரைக்கு இரங்காது.